கருணை மனு யார் பேருக்கு எழுதுவது?

போன ஆவணியில் ஒரு திங்கட்கிழமை. ஈரோடு கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். பெருந்துறை ரோட்டோரம் என் மடக்கு மேசையை விரிப்பதற்குள் ஏழெட்டுப் பேர் நின்றுவிட்டார்கள். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், பக்கத்துத் தோட்டத்துக்காரர் இட்டேரியை உழுது தன்னோடு சேர்த்துக்கொண்ட தகராறு. முப்பத்திரண்டு வருஷமாக மனு எழுதுகிறேன், இதையெல்லாம் கை தானாக எழுதிவிடும்.

கடைசியாக வந்தவர் அந்தியூர்ப் பக்கத்து ஆத்தா ஒருத்தர். மஞ்சப்பைக்குள் பிளாஸ்டிக் கவர், அதற்குள் டைப் அடித்த எட்டுப் பக்க மனு. 'மாண்புமிகு இந்திய ஜனாதிபதி அவர்களின் திருச்சமூகத்துக்கு' என்று ஆரம்பித்தது. மகன் கோயமுத்தூர் மத்திய சிறையில் ஆயுள் கைதி. வரப்புத் தகராறில் பங்காளியை வெட்டிய கேஸ்.

"மூவாயிரத்தி ஐநூறு வாங்கிட்டு எழுதிக் குடுத்தாங்க கண்ணு. ஜனாதிபதி ஒரு கையெழுத்துப் போட்டா அன்னிக்கே வுட்ருவாங்களாமா. பதினாலு வருசமும் ஆயிப்போச்சு. நீ ஒருக்காப் படிச்சுப்போட்டு, தபால்ல சேத்தியுடு சாமி."

படித்தேன். ஐந்து பக்கத்துக்கு, சாட்சி பொய் சொன்னார், போலீஸ் அரிவாளை மாற்றி வைத்தது, ஜட்ஜ் கவனிக்கவில்லை என்று வாதம். ஒரு பக்கம் ஜனாதிபதியின் புகழ். பின்னால் ஒரு கட்சியின் ஒன்றியச் செயலாளர் கொடுத்த சிபாரிசுக் கடிதம். மகனுடைய சி.டி. நம்பர், அதாவது ஜெயிலில் தண்டனைக் கைதிக்குக் கொடுக்கிற எண், எங்கேயும் இல்லை. எத்தனை நாள் உள்ளே இருந்தார் என்ற கணக்கும் இல்லை.

அன்றைக்கு அந்த ஆத்தாவுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கருணை மனு என்று கேட்டு என்னிடம் வருகிறவர்கள் வருஷத்துக்கு நாலைந்து பேர் இருப்பார்கள். அத்தனை பேரும் இதே தப்புகளோடுதான் வருகிறார்கள்.

முகவரிதான் முதல் வேலை

ஜனாதிபதி நாட்டுக்கே பெரியவர், அதனால் எந்த ஜெயில் கதவையும் திறப்பார் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். அரசியலமைப்புச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு அவருக்கு மூன்று வகை வழக்குகளைத்தான் கொடுத்திருக்கிறது. ராணுவ நீதிமன்றம் கொடுத்த தண்டனை ஒன்று. மத்திய அரசின் நிர்வாக அதிகாரத்துக்குள் வருகிற சட்டங்களின் கீழ் கிடைத்த தண்டனை இன்னொன்று. மூன்றாவது, எந்தச் சட்டத்தின் கீழ் வந்தாலும் சரி, தூக்குத் தண்டனை. மாநில அதிகாரத்துக்குள் வருகிற மற்ற குற்றங்களுக்கெல்லாம் 161-ஆம் பிரிவின்படி ஆளுநர்தான்.

பங்காளியை வெட்டியது இந்திய தண்டனைச் சட்டம் 302. ஈரோட்டுப் பக்கம் நடந்த கொலை, தமிழ்நாட்டு நீதிமன்றம், ஆயுள் தண்டனை. அப்படியானால் ஆளுநர். 302 வழக்கில் ஆளுநருக்கு அதிகாரம் இல்லை, அது மத்திய அரசின் கையில் இருக்கிறது என்று பேரறிவாளன் வழக்கில் ஒரு வாதம் வைத்தார்கள். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆத்தாவின் மனு டெல்லிக்குப் போயிருந்தால் அங்கே ஒரு நம்பர் போட்டு, சென்னைக்குத் திருப்பியிருப்பார்கள். ஐந்தாறு மாதம் வீண்.

எங்கள் பகுதிக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வாளையாறு தாண்டினால் கேரளம், தாளவாடிக்கு அந்தப் பக்கம் கர்நாடகம். பொள்ளாச்சி ஆள் ஒருவர் பாலக்காட்டில் லாரித் தகராறில் மாட்டி அங்கேயே தண்டனை வாங்கினால், வீடு பொள்ளாச்சியில் இருக்கிறது என்பதற்காகத் தமிழ்நாட்டு அரசிடம் மனுக் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை. எந்த மாநிலத்து நீதிமன்றம் தண்டனை கொடுத்ததோ அந்த மாநில அரசுதான் தண்டனையைக் குறைக்கலாம். பில்கிஸ் பானு வழக்கில் குற்றம் நடந்தது குஜராத்தில், விசாரணையும் தண்டனையும் மகாராஷ்டிரத்தில். குஜராத் அரசு 11 பேரை விடுதலை செய்தது. 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, அவர்களைத் திரும்ப ஜெயிலுக்கு அனுப்பியது. குஜராத்துக்கு அந்த அதிகாரமே கிடையாது என்பது முக்கியமான காரணம்.

திருப்பூர், ஈரோடு என்றாலே செக் கேஸ். அதில் ஆறு மாதம், ஒரு வருஷம் தண்டனை வாங்கியவர்களும் ஜனாதிபதிக்கு எழுதலாமா என்று கேட்கிறார்கள். காசோலை என்பது மத்தியப் பட்டியலில் இருக்கிற விஷயம், அதனால் ஏட்டளவில் கேள்வி சரிதான். ஆனால் அந்த மனு டெல்லியில் நகர்வதற்குள் தண்டனையே முடிந்துபோகும். பணம் கொடுக்க வேண்டியவரோடு உட்கார்ந்து பேசுங்கள். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 147-ஆம் பிரிவில் அந்தக் குற்றத்தைச் சமரசம் செய்துகொள்ளலாம். அப்பீல் கட்டத்தில்கூட முடியும். இதற்குக் கருணை வேண்டியதில்லை, நூல் மண்டிக்காரருக்கு முதல் தவணை போய்ச் சேர்ந்தால் போதும்.

கேஸ் நடந்துகொண்டிருக்கும்போதே எழுதலாமா என்றால், கூடாது. 72-ம் 161-ம் 'தண்டிக்கப்பட்டவர்' பற்றித்தான் பேசுகின்றன. தீர்ப்பு வந்து, அப்பீல் மேலே நிலுவையில் இருக்கும்போதும் கை கட்டியிருக்கும். கடற்படை அதிகாரி நானாவதியின் கொலை வழக்கில் 1960-இல் பம்பாய் ஆளுநர் அவசரப்பட்டுத் தண்டனையை நிறுத்திவைத்தார். எங்கள் முன்னால் அப்பீல் அனுமதி கேட்டு மனு இருக்கையில் அந்த உத்தரவு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு எல்லாம் முடிந்து, 1964-இல்தான் நானாவதிக்கு மன்னிப்புக் கிடைத்தது. அப்ரூவர் ஆனால் மாஜிஸ்திரேட் மன்னிப்புக் கொடுக்கிறாரே என்று ஒருத்தர் என்னோடு சண்டைக்கே வந்தார். அது உண்மையைச் சொல்கிற கூட்டாளிக்கு நீதிமன்றம் தருகிற மன்னிப்பு. சாதி வேறு, குலம் வேறு.

டெக்சாஸில் இருக்கிற என் தங்கச்சி மகனுக்கும் இதே குழப்பம். 2024 டிசம்பரில் ஜோ பைடன் தன் மகனையே மன்னித்த செய்தி வந்தபோது போனில் கேட்டான்: "பெரீம்மா, அங்க மட்டும் ஏன் இத்தன ஃபைலு?" அமெரிக்கச் சட்டம் வேறு, அவ்வளவுதான். அங்கே ஜனாதிபதிக்கு மந்திரிசபையின் ஆலோசனை வேண்டியதில்லை. வழக்குப் போடுவதற்கு முன்பே மன்னிக்கலாம், 1974 செப்டம்பரில் ஃபோர்டு நிக்சனுக்குக் கொடுத்தது அப்படித்தான். ஆனால் அங்கேயும் வேலி உண்டு. நாட்டுச் சட்டத்தை மீறிய குற்றங்களுக்கு மட்டும்தான் அவர் மன்னிக்கலாம். டெக்சாஸ் மாநிலச் சட்டத்தில் தண்டனை வாங்கியவரைத் தொட முடியாது. நாடாளுமன்றம் கொண்டுவருகிற பதவிநீக்க நடவடிக்கையையும் நிறுத்த முடியாது. அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு நம் ஊரில் மனு எழுதினால், ஊர் மாறிப் பஸ் ஏறின கதைதான்.

கையெழுத்து ஒருவருடையது, முடிவு பலருடையது

"ஜனாதிபதி மனசு வெச்சா" என்று ஆத்தா சொன்னதற்கு வருகிறேன். ஜனாதிபதியாகட்டும் ஆளுநராகட்டும், தன் மனசுப்படி மன்னிக்க முடியாது. மாரு ராம் வழக்கில் 1980-இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது. மந்திரிசபையின் ஆலோசனைப்படிதான் நடக்க வேண்டும். மறுபரிசீலனை செய்யுங்கள் என்று ஜனாதிபதி ஒரு தடவை கோப்பைத் திருப்பலாம். அதே ஆலோசனை மறுபடி வந்தால் கையெழுத்துப் போட வேண்டியதுதான்.

தமிழ்நாட்டில் இது எப்படி நடந்தது என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்ல இரண்டு கதை போதும். 2000 பிப்ரவரி 2 அன்று தர்மபுரி இலக்கியம்பட்டியில் பஸ் எரிந்தது. கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்து மாணவிகள் மூன்று பேர் செத்துப்போனார்கள். தூக்குத் தண்டனை பெற்ற மூன்று பேருக்கு 2016-இல் உச்ச நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி, பத்து வருஷம் முடித்த ஆயுள் கைதிகளை 161-இன் கீழ் விடும் திட்டத்தில் அரசு அவர்களையும் சேர்த்தது. ஆளுநர் முதலில் கோப்பைத் திருப்பினார். அரசு மறுபடி அனுப்பியது. 2018 நவம்பரில் மூவரும் வெளியே வந்தார்கள். அன்றைக்கு எங்கள் தெருவில் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. பிடிக்கிறதோ இல்லையோ, அதிகாரம் வேலை செய்கிற விதம் அதுதான்.

இன்னொன்று பேரறிவாளன். 2018 செப்டம்பர் 9 அன்று மந்திரிசபை பரிந்துரைத்தது. ஆளுநர் இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து, 2021 ஜனவரியில் ஜனாதிபதிக்கு அனுப்பினார். அப்படி அனுப்ப அரசியலமைப்பில் இடமில்லை என்று சொல்லி, உச்ச நீதிமன்றமே முழு நீதி வழங்கத் தனக்கு இருக்கிற 142-ஆம் பிரிவைக் கொண்டு பேரறிவாளனை விட்டது. மந்திரிசபை சொன்ன பிறகு காரணமில்லாமல் தூங்க வைக்க முடியாது என்பது நமக்கு உபயோகமான பாடம்.

அதனால் மனுவில் ஆளுநரைப் புகழ்ந்து ஒரு பக்கம் எழுதுவதில் எந்தப் பலனும் இல்லை. அந்தக் கோப்பை முதலில் படிக்கப்போவது கோட்டையில் உள்துறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிரிவு அலுவலர். அவருக்குத் தேதியும் கணக்கும் வேண்டும்.

பதினாலு வருஷம் எப்படி எண்ணுவது

ஆத்தா கைதான நாளில் இருந்து எண்ணியிருந்தார். 2011 ஆகஸ்டு, ஆகவே 2025 ஆகஸ்டில் பதினாலு முடிந்தது என்று. தீர்ப்பு நகலை வாங்கிப் பார்த்தேன். கைதாகி 94 நாளில் பெயில். அதன்பிறகு தண்டனை வரும்வரை மகன் வீட்டில்தான் இருந்திருக்கிறார். தண்டனை வந்தது 2014 மார்ச் 5. அன்று உள்ளே போனவர், மூன்று தடவை பரோலில் மொத்தம் 61 நாள் வெளியே வந்திருக்கிறார்.

மேசையிலேயே கணக்குப் போட்டேன். 2014 மார்ச் 5-இல் இருந்து பதினாலு வருஷம், 2028 மார்ச் 5. விசாரணைக் கைதியாக இருந்த 94 நாளும் சேரும், ஆக 2027 டிசம்பர் 2-க்கு வந்துவிடுகிறது. பரோல் நாட்களை உள்ளே இருந்ததாகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று 2023-இல் ஒரு கோவா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த 61 நாளைத் திரும்பக் கூட்டினால் 2028 பிப்ரவரி 1. நன்னடத்தைக்காக ஜெயிலில் மாதாமாதம் கிடைக்கிற கழிவு நாட்கள் இந்தப் பதினாலுக்குள் சேராது. மெய்யாக உள்ளே இருந்த நாள்தான் கணக்கு.

ஆத்தா முகம் சுண்டிவிட்டது. "இன்னும் ரெண்டரை வருசமா சாமி?"

அவசரப்பட வேண்டாம் என்றேன். இந்தப் பதினாலு வருஷக் கட்டு, அரசு தன் சாதாரணச் சட்ட அதிகாரத்தில் தண்டனையைக் குறைப்பதற்கு உள்ள கட்டு. பழைய சட்டத்தில் 433-ஏ, 2024 ஜூலை 1-இல் இருந்து புதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தில் 475. தூக்கும் ஒரு தண்டனையாக இருக்கிற குற்றத்தில் ஆயுள் வாங்கியவருக்கு இது பொருந்தும். அரசியலமைப்பு கொடுத்த 72-ஐயும் 161-ஐயும் இது கட்டாது என்று அதே மாரு ராம் தீர்ப்பில் இருக்கிறது. 2018-இல் பத்து வருஷம் முடித்தவர்களை விட்டது அந்த வழியில்தான். ஆகவே மனுவில் எந்தப் பிரிவு என்று எழுதுகிறோம் என்பது பெரிய விஷயம். சாதாரணச் சட்டத்தில் தண்டனைக் குறைப்புக்கான பிரிவு 473, அதை எழுதினால் 'காலம் முடியவில்லை' என்று ஒரே வரியில் திரும்பும். 161 என்று எழுதினால் குறைந்தபட்சம் யோசிப்பார்கள்.

சில தீர்ப்புகளில் '25 ஆண்டுகள், தண்டனைக் குறைப்பு இன்றி' என்று இருக்கும். 2016-இல் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நடந்த ஆணவக் கொலையில், ஐந்து பேரின் தூக்கை 2020-இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படித்தான் மாற்றியது. அந்த மாதிரித் தீர்ப்பு கையில் இருந்தால் சாதாரணக் குறைப்பு என்ற பேச்சே கிடையாது. 72, 161 மட்டும் மிச்சம். அந்த வழியில் மந்திரிசபை பரிந்துரைக்குமா என்பது அவரவர் வழக்கின் லட்சணத்தைப் பொறுத்தது. என்னைக் கேட்டால், ஆணவக் கொலைக்கு மனு எழுதச் சொல்லி வந்த ஒரு குடும்பத்தை நான் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அது என் சொந்த விஷயம்.

சி.பி.ஐ. விசாரித்த வழக்கு என்றால், அரசு தன் சட்ட அதிகாரத்தில் குறைப்பதற்கு மத்திய அரசின் சம்மதமும் வேண்டும் (பிரிவு 477). பெரும்பாலான நம் ஊர்க் கேஸ்களில் இது வராது.

எழுத வேண்டியதும் மறைக்கக் கூடாததும்

கருணை மனு இன்னொரு அப்பீல் ஆகாது. சாட்சியத்தை ஜனாதிபதி தானே புதிதாகப் பார்த்து, நீதிமன்றத்துக்கு மாறான முடிவுக்கு வரலாம் என்று கேஹர் சிங் வழக்கில் 1988-இல் சொன்னது உண்மைதான். நேரில் கூப்பிட்டுக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அதனால் புதிய ஆதாரம் ஏதும் கையில் இல்லாமல், மூன்று கோர்ட் ஒதுக்கிய வாதத்தைத் திரும்ப ஐந்து பக்கம் எழுதினால், படிக்கிறவருக்குத் தோன்றுவது ஒன்றுதான்: இந்த ஆள் இன்னும் செய்ததை ஒத்துக்கொள்ளவில்லை.

ஆத்தாவின் மகனுக்காக எழுதின மனுவின் தலைப்பை அப்படியே தருகிறேன். பெறுநர்: மேதகு தமிழ்நாடு ஆளுநர் அவர்கள். வழி: உள்துறைச் செயலாளர், தலைமைச் செயலகம், சென்னை - 600 009. மூலம்: சிறைக் கண்காணிப்பாளர், மத்திய சிறை, கோயம்புத்தூர். பொருள்: ஆயுள் தண்டனைக் கைதி, அரசியலமைப்புச் சட்டம் பிரிவு 161-இன் கீழ் எஞ்சிய தண்டனைக் காலத்தைக் குறைத்து விடுதலை செய்ய வேண்டுதல், தொடர்பாக. பார்வையில் செஷன்ஸ் கோர்ட் தீர்ப்பு நம்பரும் தேதியும், உயர் நீதிமன்ற அப்பீல் நம்பரும் தேதியும்.

உள்ளே முதல் பத்தி: 'நான் மேற்படி வழக்கில் தண்டனை பெற்று, சி.டி. நம்பர் இன்னதின் கீழ் சிறையில் உள்ளேன். தீர்ப்பை நான் குறைகூறவில்லை. நிலத் தகராறில் கோபத்தில் நான் செய்த செயலால் என் பங்காளியின் மனைவியும் இரண்டு குழந்தைகளும் ஆதரவு இழந்தார்கள் என்பதை அறிவேன்.' இந்த வரியை எழுதியதும் ஆத்தா, "அவங்களப் பத்தி நாம எதுக்கு எழுதோணும்?" என்றார். எழுத வேண்டும். செத்தவர் வீட்டைப் பற்றி ஒரு வரி இல்லாத மனுவை நான் எழுதுவதில்லை. போலீஸ் அறிக்கையில் எப்படியும் அந்தக் குடும்பத்தின் எதிர்ப்பு பதிவாகும்.

அடுத்த பத்தி நாள் கணக்கு, மேலே போட்டது அப்படியே. பிறகு உள்ளே செய்தது: நெசவுப் பிரிவில் எத்தனை வருஷம், பத்தாம் வகுப்பு எந்த வருஷம் தேறினார். பிறகு வெளியே வந்தால் என்ன வேலை, எந்த வீடு, யார் பொறுப்பு. இவருக்கு மாமன் ஒருத்தர் பவானியில் ஜமக்காளத் தறி வைத்திருக்கிறார். அவர் வேலை தருவதாக எழுதி, ஆதார் நகலோடு கையெழுத்துப் போட்டார். ஆத்தாவுக்குச் சர்க்கரை, கண் மங்கல். அரசு ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று வைத்தேன், தனியார் சர்டிபிகேட் கட்டை வேண்டாம்.

அப்புறம்தான் ஆத்தா தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னார். 2019-இல் பரோலில் வந்தவர் ஆறு நாள் தாமதமாகத்தான் திரும்பினார், அதற்கு உள்ளே தண்டனையும் கிடைத்தது. "அத எழுதிப்போடாத கண்ணு."

பல வருஷத்துக்கு முன்னால் காங்கயம் பக்கத்து அண்ணன் ஒருத்தர் இதையே கேட்டார். தம்பி ஒன்பது நாள் லேட், எழுத வேண்டாம் என்றார். நானும் பாவம் பார்த்து விட்டுவிட்டேன். நன்னடத்தை அலுவலர் அறிக்கையில் அது முதல் பாராவிலேயே வந்தது. மனுவில் 'சிறை விதிகளை ஒருநாளும் மீறாதவர்' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. கோப்பு திரும்பி, அடுத்த சுற்றுக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. அந்த இரண்டு வருஷத்தை நான் திருப்பிக் கொடுக்க முடியாது.

மறைத்து வாங்கின மன்னிப்பு கையில் நிற்கவும் நிற்காது. உத்தரப் பிரதேசத்தில் சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஒருவருக்கு ஆளுநர் தண்டனையைக் குறைத்தார். அவர் மேல் இன்னும் ஐந்து வழக்கு இருந்தது, முந்தைய கருணை மனு தள்ளுபடியானது, ஜெயிலில் நடத்தை சரியில்லை, இது எதுவும் ஆளுநரிடம் போகவில்லை. 1998-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் குறைப்பையே ரத்து செய்தது. ஆகவே ஆறு நாள் தாமதம் உள்ளே போயிற்று, காரணத்தோடு: அப்போது அப்பாருக்குப் பக்கவாதம் வந்து பெருந்துறை ஆஸ்பத்திரியில் கிடந்தார், அட்மிஷன் சீட்டு இணைப்பில்.

ஒன்றியச் செயலாளரின் கடிதத்தை எடுத்துவிட்டேன். 2006-இல் எபூரு சுதாகர் வழக்கு. ஆந்திராவில் ஒருவருக்குத் தண்டனைக் குறைப்புப் பரிந்துரைத்த அறிக்கையில், அவர் நல்ல கட்சித் தொண்டர் என்று எழுதியிருந்தது. உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து, சாதி, மதம், கட்சி பார்த்துக் கருணை காட்டக் கூடாது என்றது. மனசைச் செலுத்தாமல், கெட்ட நோக்கத்தோடு, சம்பந்தமில்லாத காரணத்துக்காக, முக்கியமானதை விட்டுவிட்டு முடிவெடுத்தால் நீதிமன்றம் தலையிடும். கடிதம் கொடுத்தவருக்குக் கோபம் வரும். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அந்தக் கடிதம் கரும்பு.

தூக்கு என்றால் கடிகாரம் வேறு

இது நம் பக்கம் அபூர்வம், ஆனால் வந்தால் நாள் பார்க்க நேரம் இருக்காது. புதிய சட்டத்தின் 472-ஆம் பிரிவுப்படி, உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடியானதை ஜெயில் கண்காணிப்பாளர் தெரிவித்த நாளில் இருந்து 30 நாளுக்குள், கைதியோ வாரிசோ உறவினரோ மனுக் கொடுக்க வேண்டும். முதலில் ஆளுநருக்குக் கொடுக்கலாம். அங்கே தள்ளுபடியானால் 60 நாளுக்குள் ஜனாதிபதிக்கு. மத்திய உள்துறை மாநில அரசின் கருத்தை வாங்கி, அது வந்த 60 நாளுக்குள் பரிந்துரை அனுப்ப வேண்டும். ஜனாதிபதி முடிவெடுக்க நாள் குறிக்கப்படவில்லை. அவர் முடிவின் மேல் அப்பீல் கிடையாது, முடிவுக்கு எப்படி வந்தார் என்றும் எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது என்று அந்தப் பிரிவு சொல்கிறது. மேலே சொன்ன தீர்ப்புகளெல்லாம் அரசியலமைப்பை வைத்து வந்தவை, ஒரு சாதாரணச் சட்டம் அவற்றை மூடிவிட முடியுமா என்று வக்கீல்கள் கேட்பார்கள். அந்த வாதத்தை அவர்களிடம் விட்டுவிடுங்கள், நீங்கள் 30 நாளைப் பாருங்கள். 2014 ஜனவரியில் சத்ருகன் சௌகான் வழக்கில் சொன்னதையும் குறித்துக்கொள்ளுங்கள்: காரணமில்லாத நீண்ட தாமதமே தூக்கை ஆயுளாக்கப் போதும், தள்ளுபடியைத் தெரிவித்த பிறகு 14 நாள் இடைவெளி இல்லாமல் தூக்கிலிடக் கூடாது.

கொடுத்த பிறகு

மனுவை ஆத்தா தபாலில் போடவில்லை. மகன் கையெழுத்துக்காகக் கோயமுத்தூருக்குக் கூடப் போனேன். காந்திபுரத்தில் இறங்கினால் நடக்கிற தூரம். ஜெயிலில் கைதியைப் பார்ப்பதற்கே 'மனு பாக்கறது' என்றுதான் பேர், அன்றைக்கு எங்களுக்கு இரண்டு மனு. வ.உ.சி. 1908-இல் இழுத்த செக்கு இந்த வளாகத்தில்தான் இருக்கிறது. அவருக்கு விதித்த நாற்பது வருஷத்தைக் குறைத்தது கருணை இல்லை, அப்பீல். காத்திருக்கும்போது ஆத்தாவுக்கு அதைச் சொன்னேன், அவர் காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் வரப்போகிற மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்காணிப்பாளர் அலுவலகத்தில் மூன்று பிரதி கொடுத்து, ஒன்றில் தேதி முத்திரை வாங்கினோம். கைதி மனுவுக்கு ஸ்டாம்ப் ஒட்ட வேண்டாம். வக்கீல் வேண்டும் என்றால் கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, இலவசம், போன் 15100. முத்திரையில்லாத பிரதி வெறும் காகிதம். ஐயாயிரம் கொடு, கோட்டையில் ஆள் இருக்கிறது என்று யாராவது வந்தால் பஸ் ஏற்றி அனுப்பிவிடுங்கள்.

சில மாதத்தில் நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வருவார், போலீஸ் ஸ்டேஷனில் இருந்தும் விசாரிப்பார்கள். செத்தவர் வீட்டோடு இன்னும் பேச்சுவார்த்தை இல்லையா, வரப்புக் கல் நட்டாயிற்றா என்று கேட்பார்கள். அந்த ஆத்தா வீட்டில் கல் நடாமலே கிடந்தது. மனு கொடுத்த அடுத்த வாரம் சர்வேயருக்குப் பணம் கட்டச் சொன்னேன். கட்டினார். பதினாலு வருஷத்துக்கு முன்னாலேயே கட்டியிருக்க வேண்டிய பணம்.

ஆறு மாதம் பதிலே இல்லை என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, கோப்பு யாரிடம் எந்தத் தேதியில் இருந்து இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். 'ஏன் விடவில்லை' என்று கேட்டால் பதில் வராது. அதன்பிறகும் அசைவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட். ஈரோடு, கோவை, திருப்பூர், நாமக்கல்காரர்கள் சென்னைக்கு, கரூர்க்காரர்கள் மதுரைக் கிளைக்கு. பொதுவாக நீதிமன்றம் 'இத்தனை வாரத்துக்குள் முடிவெடு' என்றுதான் உத்தரவு போடும். மன்னித்துவிடு என்று உத்தரவு போடுமென்று எதிர்பார்க்க வேண்டாம். முன்விடுதலைக்குக் கொள்கை இருக்கிற மாநிலத்தில், தகுதி வந்த கைதியை அவர் மனுக் கொடுக்காமலே அரசு பரிசீலிக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தண்டனை வந்த நாளில் எந்தக் கொள்கை இருந்ததோ அது பொருந்தும், பின்னால் வந்தது கைதிக்குச் சாதகமாக இருந்தால் அதைக் கேட்கலாம். இரண்டையும் ரிட்டில் வக்கீலிடம் ஞாபகப்படுத்துங்கள்.

விட்டாலும் எல்லாம் துடைத்துப் போகாது. முழு மன்னிப்பு வேறு, தண்டனைக் குறைப்பு வேறு. குறைப்பில் வெளியே வந்தவர் தண்டிக்கப்பட்டவர்தான், தேர்தலில் நிற்கிற தகுதி, அரசு வேலை என்று கேட்டால் தீர்ப்பு அப்படியே இருக்கும். சிவில் கோர்ட்டில் இருக்கும் வரப்புக் கேஸும், கட்ட வேண்டிய கடனும் ஆளுநர் கையெழுத்தால் போகாது.

ஆத்தா மனுக் கொடுத்து நாலு மாதம் ஆகிறது. திங்கட்கிழமை திங்கட்கிழமை வந்து, மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கொண்டுவந்த கச்சாயத்தில் எனக்கு ரெண்டு கொடுத்துவிட்டுப் போகிறார். "ஏதாச்சும் வந்துச்சா கண்ணு?" என்பார். முத்திரை போட்ட அந்தப் பிரதியைத் திரும்ப எடுத்துக் காட்டுவேன். தகவல் அறியும் மனுவுக்கு மாசி மாதம் தேதி குறித்து வைத்திருக்கிறேன்.